மேற்காசியாவில் ஒரு மடி

1

இப்போதெல்லாம் மனுசர்களுக்குப் பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று தெரியாது. ஈரானிடம் எத்தனை ராக்கெட் இருக்கிறது என்று மட்டும் தெரியும். முடி வெட்டப் போனால், வெட்டுகிறவன் இஸ்ரேலைப் பற்றிப் பேசிக்கொண்டே காதை வெட்டப் பார்க்கிறான். தோசை மாவு வாங்கப் போனால் கடைக்காரம்மா கச்சா எண்ணெயைப் பற்றிச் சொல்கிறது. மாவு புளித்ததைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. ஒருத்தரும் ஒன்றையும் நேரில் பார்த்தது கிடையாது. எல்லாம் போனில் பார்த்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பேரையூர்ப் பக்கம் குலசாமி கோயிலில் ஒரு காதுகுத்து. பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள் என்பதில் இன்றுவரை தகராறு. சிவனாண்டி என்கிற ஆள் போகிற விசேஷத்தில் எல்லாம் அதை ஒரு தினுசாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் வாயை மூட முடியாது. ஆகவே எழுத வேண்டியதாகிவிட்டது.

கதையில் வரும் கிழவர் பெயர் காளை. எழுதுகிறவர் பெயரும் காளை. ‘நான்’ என்று எழுதினால் நாளைக்கு எவனாவது தாளைத் தூக்கிக் காட்டி, ‘நீயே எழுதியிருக்கியே’ என்பான். ‘காளை’ என்று எழுதினால் ‘அட, அது கதைப்பா’ என்று தப்பித்துக்கொள்ளலாம். எங்காவது ‘நான்’ வந்துவிட்டால் படிக்கிறவர்கள் அடித்துவிட்டுப் படிக்கவும்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தது:

பாலைவனத்தில் சூரியன் மெதுவாக

(நிறுத்தியாச்சு. காளை பாலைவனத்தைப் பார்த்ததில்லை. அங்கே சூரியன் மெதுவாகப் போகுமோ ஓடுமோ, யாருக்குத் தெரியும்.)

ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களும் கைகோத்து நிற்கும் இடத்தில்

(இது பிலோமினாள் டீச்சர் சொல்லிக் கொடுத்த வரி. கண்டத்துக்கு ஏது கை.)

பழங்காநத்தத்தில் ஒரு பிளக்ஸ் கடை இருக்கிறது.

இது சரி. பிளக்ஸ் கடையைக் காளை கண்ணால் பார்த்திருக்கிறார். இதிலிருந்தே போகலாம்.

3

பழங்காநத்தத்தில் ஒரு பிளக்ஸ் கடை இருக்கிறது. நடத்துகிறவன் சித்தார்த். பிறந்தநாள், பூப்புனித விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அதே சிங்கம் வைத்த நாற்காலியைத்தான் போடுவான். ஆள் மட்டும் மாறும்.

காளையின் பேத்தி சத்யப்ரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்; அதுதான் முறை. அந்த மாமன் பெயர் அழகுராஜா. கத்தாரில், தோஹா என்கிற ஊரில் ஏசி மெக்கானிக். மருமகள் தாமரைச்செல்விக்கு அப்பா அம்மா கிடையாது. பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அந்த அண்ணன் ஒருத்தன்தான். அவன் வந்து மடி கொடுக்காவிட்டால், அவள் பிறந்த வீடு அன்றோடு சாத்திக்கொண்டது என்று ஊர் எழுதிவிடும்.

அதனால் அவள் பிளக்ஸைப் பெரிதாக அடிக்கச் சொன்னாள். சித்தார்த் அழகுராஜாவை நாற்காலியில் உட்காரவைத்தான். பின்னால் ஒரு தேசப்படம். அரபிக்கடலில் மாமனின் செருப்பு. முழங்கால் பாதி ஈரானை மறைத்தது. நெற்றிக்கு மேலே ‘வளைகுடாவின் வேங்கை’.

காளை கடைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு குறை கண்டுபிடித்தார்.

“கோயில்ல ரெண்டு வேப்ப மரத்துக்கு நடுவுலதான இதக் கட்டணும்? அங்கன கட்டுனா இவன் மூஞ்சி தெக்க பாக்கும். எமன் தெசைய்யா. பிள்ளைக்கு ஆகாது.”

“பிளக்ஸுக்கு ஏதுங்கய்யா தெசை?”

“திருப்புறியா, வேற கடைக்குப் போகவா?”

சித்தார்த் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினான். மாமன், மீசை, சிங்கம் எல்லாம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஆகிப்போனதால் அவற்றை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான்: ஈரான், சவூதி, கத்தார், செங்கடல். இப்போது வேங்கை வடக்கே பார்த்தது. காளைக்குத் திருப்தி.

[இந்த இடத்தில் படிக்கிறவருக்கு ஏதாவது உறைத்தால் உறைக்கட்டும். காளைக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்கும் பெரிதாக உறைக்கவில்லை.]

4

கோயிலுக்குக் கொண்டுபோகும்வரை பிளக்ஸ் வீட்டு வாசலிலேயே தொங்கியது. காளைக்கு வேறு சோலி இல்லை. தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் படித்தார். தேசப்படத்தில் மேலே வடக்கு, வலது கை கிழக்கு என்று பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அழகுராஜா போன் செய்தபோது வாங்கிப் பேசினார்.

“மாப்ள, ஒங்க ஊருக்குக் கடல் எந்தப் பக்கம்?”

“கெழக்க மாமா. காலையில ஜன்னலத் தொறந்தா சூரியன் கடல்ல இருந்துதான் எந்திரிக்கும்.”

காளை பிளக்ஸைப் பார்த்தார். கடல் மேற்கே இருந்தது.

“அந்தக் கடலத் தாண்டுனா?”

“ஈரான் மாமா.”

“அது எந்தப் பக்கம்?”

“அதுவும் கெழக்கதான். ஏன் மாமா, என்ன திடீர்னு?”

“சும்மாதான். அப்ப நம்ம மதுரை?”

“அதுவும் கெழக்கதான் மாமா, இன்னும் தள்ளி.”

பிளக்ஸில் இந்தியாவின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது. அது மேற்குக் கோடியில் இருந்தது. காளை போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

“ஒங்கண்ணன் கத்தார்ல இல்லத்தா.”

“என்ன மாமா சொல்றீங்க?”

“ஒரு ஊர்ல இருக்குறவனுக்குக் கடல் எந்தப் பக்கம்னு தெரியாதா? கேட்டதெல்லாம் தப்பாச் சொல்றான். அவன் இங்கனதான் எங்கயோ ஒளிஞ்சு கெடக்கான். திருவாதவூர்ல அவன் மாமியா வீட்டுல விசாரி.”

“அவனுக்குக் கல்யாணமே ஆகல மாமா.”

“அதுவும் அவன் சொல்றதுதான.”

(இந்த அழகுராஜா என்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எழுதுகிறவருக்கே குழப்பம். பேசுகிறான், சிரிக்கிறான், பேரீச்சம்பழம் அனுப்புகிறான். ஆனால் போனுக்கு வெளியே அவன் இருக்கிறானா? பேரீச்சம்பழம் நம் ஊரிலும் கிடைக்கிறது. ஒரு கட்டத்தில் இவனை அடித்துவிட்டு)

அப்படிச் செய்ய முடியாது. இவனை அடித்தால் கதையில் மடி இருக்காது.

காதுகுத்துக்கு முந்தின நாள் காலையில் தாமரைச்செல்வி போனும் கையுமாக வந்து நின்றாள். முகம் சுண்டியிருந்தது.

“மாமா, அங்க சண்டையாம். வானத்த மூடிட்டாங்களாம். பிளேன் ஒண்ணும் போகாதாம். அண்ணன் ஏர்போர்ட்டுலயே உக்காந்துருக்கு.”

காளை நிமிர்ந்து பார்த்தார். மேலே வானம் இருந்தது. ஒரு காக்கா போனது.

“எத மூடிட்டாங்க?”

5

இங்கே பிலோமினாள் டீச்சர் வருகிறார். எதிர்வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல மனுசிதான். ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார். அப்படிப்பட்டவர்களை நம்பக்கூடாது என்பது காளையின் கட்சி.

[டீச்சர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.]

“வானத்துலயும் ரோடு இருக்குண்ணே,” என்றார் டீச்சர். “அந்தந்த நாட்டுக்கு மேல இருக்குற வானம் அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். மேல பறக்காதன்னு சொன்னா பறக்க முடியாது.”

“பட்டா இருக்கா?”

“அதுலயும் மேற்காசியா சாதாரண எடம் இல்ல. ஒரு பக்கம் ஐரோப்பா, ஒரு பக்கம் ஆப்பிரிக்கா, ஒரு பக்கம் நாம. எங்க இருந்து எங்க போனாலும் அதத் தொட்டுட்டுத்தான் போகணும். உலகத்துக்கே அது பழங்காநத்தம் ரவுண்டானா.”

காளை முதல்முறையாகக் காதைக் கொடுத்தார். பழங்காநத்தம் ரவுண்டானா அவருக்குத் தெரியும். அங்கே ஒரு லாரி மக்கர் பண்ணினால் திருப்பரங்குன்றத்தில் மணவறையில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைக்குத் தாலி வந்து சேராது.

“கப்பலுக்கும் அப்படித்தான்,” டீச்சருக்கு வேகம் பிடித்துவிட்டது. “உலகம் எரிக்கிற எண்ணெய்ல அஞ்சுல ஒரு பங்கு ஹோர்முஸ்னு ஒரு குறுகலான கடல் வழியாத்தான் வெளிய வருது. அந்தப் பக்கம் செங்கடல். அதுக்கு மேல சூயஸ் கால்வாய். ரெண்டு வாசல். ரெண்டுல எது அடைச்சாலும் ஒங்க வீட்டு சிலிண்டர்வரைக்கும் இடிக்கும்.”

“அடைச்சா சந்துல புகுந்து போக வேண்டியதுதான?”

“சந்து இருக்கு. ஆப்பிரிக்காவ முழுசாச் சுத்தணும்.”

“அம்புட்டுப் பெரிய சந்தா?”

“ஆமாண்ணே. நீங்க வேணா அந்தப் பிளக்ஸுலயே” என்று டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போவதற்குள் பையன்கள் பிளக்ஸைச் சுருட்டி வேனில் ஏற்றிவிட்டார்கள்.

(அவர் மட்டும் அப்போது பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்து, எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம்.)

6

கோயில். வேப்ப மரம். பிளக்ஸ். மாமன் வடக்கே பார்க்கிறான்.

ஆசாரி ஊசியோடு தயார். பிள்ளைக்கு மொட்டை அடித்து, தலையில் சந்தனம் தடவி, அது அழுது முடித்து, மறுபடி அழ ஆரம்பித்தாகிவிட்டது. அழகுராஜாவின் போன் அணைந்து கிடந்தது.

இப்போது சிவனாண்டி. தாமரைச்செல்விக்குச் சித்தப்பா மகன். அந்த முறையில் அவரும் தாய்மாமன்தான். அவளுடைய கல்யாணத்தில் பாயசம் வரவில்லை என்று பாதி இலையில் எழுந்து போனவர். அதற்கப்புறம் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இன்றைக்குப் பட்டுச் சட்டையில் வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, துண்டால் தன் தொடையைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நேரம் போகுது மாமா,” என்றார் காளையிடம். “மடி நான் தாரேன். நானும் மாமந்தான.”

காளைக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. வராதவனைவிட வந்தவன் மேல். ‘சரி’ என்று சொல்ல வாயைத் திறந்தார். தாமரைச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

“ஒரு தடவ இவர் மடியில வச்சா, இனிமே வளைகாப்பு, சடங்கு எல்லாத்துக்கும் இவர் வீடுதான் என் பொறந்த வீடுன்னு ஆயிரும். எங்கண்ணன் இருக்குறப்பவே எனக்கு அண்ணன் இல்லாமப் போயிரும். முடியாது மாமா.”

“ஒங்கண்ணந்தான் இல்லையேத்தா.”

“இருக்கு,” என்று அவள் பிளக்ஸைக் காட்டினாள். “அந்தா உக்காந்துருக்கு.”

எல்லாரும் பிளக்ஸைப் பார்த்தார்கள். உட்கார்ந்துதான் இருந்தான்.

“பேப்பர் மடியில எப்படித்தா பிள்ளைய வைக்கிறது? வழுக்கி விழுந்துரும்,” என்றார் ஆசாரி, ஏதோ அது ஒன்றுதான் தடை என்பதுபோல.

அதற்குச் சித்தார்த் ஒரு யோசனை சொன்னான். அவனும் கறிச்சோற்றுக்கு வந்திருந்தான். “மடி இருக்குற எடத்துல மட்டும் நீளமாக் கிழிச்சு விட்டுருவோம். பின்னாடி ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உக்காந்து காலை மட்டும் வெளிய நீட்டட்டும். முன்னாடி பாத்தா மொகம் மாமன். மடி உண்மையான மடி.”

“யார் மடி?” என்றார் சிவனாண்டி எழுந்துகொண்டே.

“இவர் வேணாம்,” என்றாள் தாமரைச்செல்வி. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். மாமன் முறை உள்ள ஆள் பின்னால் உட்கார்ந்தால் உரிமை அவனுக்குப் போய்விடும். உரிமையே இல்லாத மடியாக இருக்க வேண்டும். அவள் கண் காளை மேல் வந்து நின்றது. அப்பாவைப் பெற்ற தாத்தா. காதுகுத்துக்குச் சுத்தமாகச் செல்லாத மடி.

“மாமா, போயி உக்காருங்க.”

7

கத்திரிக்கோல் அரபிக்கடலில் இறங்கி மேலே ஏறியது. காளை பிளக்ஸுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஓட்டை வழியாக முழங்காலை நீட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கு முன்னால் பிளக்ஸின் வெள்ளை முதுகு. பெட்ரோல் வாடை. மடியில் பொத்தென்று பிள்ளை வந்து விழுந்தது. ஈரமாக இருந்தது, சந்தனமாக இருக்கலாம்.

அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது.

“காளை அண்ணே, ஒங்க காலு எங்க இருக்கு தெரியுமா? ஹோர்முஸ்ல. உலகத்து எண்ணெய அடைச்சுக்கிட்டு உக்காந்துருக்கீங்க.”

“சீக்கிரம் குத்தச் சொல்லுங்க டீச்சர், காலு மரத்துப்போகுது.”

பிள்ளை மேலே இருந்த பெரிய முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஆசாரி அந்த நேரம் பார்த்து ஒரு காதைக் குத்திவிட்டார். அழுகை. குலவை. ஆசாரி அடுத்த காதுக்குப் போவதற்குள் சிவனாண்டி ஊசியைப் பிடித்துக்கொண்டார்.

“செல்லாது. இது பங்காளி வீட்டு மடி.”

“மொகம் எங்கண்ணன் மொகம்,” என்றாள் தாமரைச்செல்வி.

“மொகத்துலயா பிள்ளைய உக்கார வச்சிருக்கு?”

ஆளுக்கு ஒரு நியாயம் பேசினார்கள். பிள்ளைக்கு ஒரு காதில் தோடு, ஒரு காது மூளி. காளை பின்னால் உட்கார்ந்தே இருந்தார். எழுந்து வரலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

[இந்தப் பகுதியைக் காளை கண்ணால் பார்க்கவில்லை. கேட்டதை வைத்து எழுதியது. ஊசியைப் பிடித்தது சிவனாண்டி இல்லை, ஆசாரியே நிறுத்தினார் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. நான் எதற்கும் பொறுப்பில்லை.]

8

கறிச்சோறு இறக்கிவைக்கும் நேரத்துக்கு, காளை ஸ்டூலைவிட்டு எழுந்து வெளியே வரவும் ஒரு கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதிலிருந்து ஒரு ஆள் இறங்கினான். தாடி, கசங்கின சட்டை, சிவந்த கண். தாமரைச்செல்வி ஓடிப்போய் அவன் தோளில் ரெண்டு அடி அடித்துவிட்டு அழுதாள். ஆகவே அழகுராஜாவாக இருக்க வேண்டும்.

“வானம் தொறந்ததும் கொழும்புக்கு ஒரு சீட்டு கெடச்சது மாமா. அங்கருந்து மதுரை. போன் சார்ஜ் போச்சு,” என்றான் காளையிடம்.

“கெழக்க வந்தியா, மேக்க வந்தியா?”

“கெழக்கதான் மாமா.”

“படத்துல நம்ம ஊரு மேக்க இருக்கு.”

அதுவரை கண்ணாடி இல்லாமல் எட்ட நின்று பார்த்த டீச்சர், அப்போதுதான் பிளக்ஸுக்கு முன்னால் வந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். 

“யார்யா இத அடிச்சது? செங்கடல் எதுக்கு ஈரான் இருக்க வேண்டிய பக்கம் கெடக்கு? மொத்தப் படமும் இடம் வலமா மாறிக் கெடக்கு.”

சித்தார்த் கறிச்சோற்றுப் பந்தியிலிருந்தே சொன்னான்: “ஐயாதான் டீச்சர் தெக்க பாக்குது, திருப்புன்னாரு.”

“மூஞ்சியத்தான் திருப்பச் சொன்னேன்,” என்றார் காளை. “கடலத் திருப்பச் சொல்லல.”

“அப்ப எங்கண்ணன் சொன்னதெல்லாம் சரி,” என்றாள் தாமரைச்செல்வி.

காளை அதற்கும் மசியவில்லை. ஒரு படம் ஒரு பக்கம் தப்பு என்றால், டீச்சர் வீட்டில் தொங்குகிற படம் மட்டும் சரி என்று யார் கண்டது? அதுவும் எவனோ ஒருத்தன் கடையில் அடித்ததுதானே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அழகுராஜா ஒரு வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பிள்ளையை வாங்கினான். பிள்ளை அவனைப் பார்த்தது. வீறிட்டது. அதற்குத் தெரிந்த மாமனுக்குத் தாடி கிடையாது. சித்தார்த் பவுடர் போட்டு வெளுத்து வைத்த கன்னம், முறுக்கின மீசை. பிள்ளை இவனை உதறிவிட்டு, பிளக்ஸைப் பார்த்துக் கையை நீட்டியது.

உண்மையான மாமன் மடியில் உட்கார மறுக்கிறது. பொய்யான மாமனைப் பார்த்துச் சிரிக்கிறது.

“அப்ப நான் பின்னாடி போறேன்,” என்றான் அழகுராஜா, பாவம்.

“நீ பின்னாடி போனா நீதான்னு எப்படித் தெரியும்?” என்றார் சிவனாண்டி. “சாட்சிக்கு நானும் வாரேன்.”

9

முடிவுகள்.

ஒன்று: பிளக்ஸுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தது அழகுராஜாதான். ரெண்டாவது காது அவன் மடியில்தான் குத்தப்பட்டது. தாமரைச்செல்விக்குப் பிறந்த வீடு கிடைத்தது. சுபம்.

இரண்டு: சாட்சிக்குப் போன சிவனாண்டி, பயணக் களைப்பில் அழகுராஜா அசந்த நேரம் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெளியே தெரிந்தது முழங்கால் மட்டும்தான். வேட்டி கட்டின முழங்கால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். (சிவனாண்டி ஊர் ஊராகச் சொல்லித் திரிவது இதைத்தான்.)

“பிள்ளைக்குத் தெரியும்” என்று மூன்றாவதாக ஒரு முடிவு எழுதி

வேண்டாம். அது அழவைக்கிற முடிவு. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

‘நீங்கதான் பாத்திருப்பீங்களே’ என்று காளையிடம் எல்லாரும் கேட்கிறார்கள். நடந்தது இதுதான். அழகுராஜாவும் சிவனாண்டியும் பிளக்ஸுக்குப் பின்னால் போனார்கள். டீச்சர் காளையைப் பிடித்துக்கொண்டு, பூமி உருண்டை, அதனால் கிழக்கே போய்க்கொண்டே இருந்தாலும் மேற்கே வரலாம், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆரம்பித்தார். காளைக்குத் தலை சுற்றியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேரையூர் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

“மாமா, எங்க போறீங்க? இன்னொரு காது இருக்கு,” என்று தாமரைச்செல்வி கூப்பிட்டாள்.

“பாத்துக்கங்கத்தா.”

முதுகுக்குப் பின்னால் பிள்ளை ஒரு தடவை அலறியது. குலவை எழுந்தது. அந்த நிமிசம் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். காளை திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் என்ன தெரிந்திருக்கும், ஒரு பிளக்ஸும் ரெண்டு முழங்காலும்தான்.

எங்கண்ணன் மடிதான் என்று தாமரைச்செல்வி சொல்கிறாள். சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். படிக்கிறவர்கள் அவளை நம்புவதாக இருந்தால் நம்பிக்கொள்ளலாம். அவள் நல்ல பிள்ளை. சிவனாண்டியை நம்புவது என்றால் அது உங்கள் தலையெழுத்து.

காளை வெயிலில் நடந்துகொண்டே இருந்தார். வந்தவன் அழகுராஜாதான் என்பதிலேயே அவருக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.